நீளமான டிக்கி, குட்டி ஓட்டம்: டீசல் எஸ்டேட்டா, பெட்ரோல் எஸ்டேட்டா?

நாங்கள் முதலில் வாங்கிய எஸ்டேட் கார் டீசல். பழைய வண்டிதான், ஆனால் பார்த்தால் தெரியாது. டிக்கியில் குழந்தையின் தள்ளுவண்டி, இரண்டு பெரிய பெட்டி, மடக்கு நாற்காலி எல்லாம் போட்ட பிறகும் இடம் மிச்சம் இருந்தது. மைலேஜும் அள்ளிக் கொடுக்கும் என்றார்கள். குடும்ப வண்டி என்றால் டீசல்தானே என்று அதிகம் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். எட்டாவது மாதம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்க ஸ்கூல் எவ்வளவு தூரம் சார்?" என்று கேட்டார். இவர் ஏன் சம்பந்தமில்லாமல் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டே, "மூணு கிலோமீட்டர்" என்றேன்.

"வண்டி மேல தப்பில்ல சார். நீங்க ஓட்டுற ஓட்டத்துக்கு இது ஆகாது."

வாங்கும் முன் இந்தக் கேள்வியை எவரும் என்னிடம் கேட்கவில்லை. விற்றவர் கேட்கவில்லை, யோசனை சொன்ன நண்பர்கள் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. விலை, மைலேஜ், நிறம், டிக்கி அளவு என்று பேசியே முடிந்துவிட்டது.

எஸ்டேட் என்றாலும் ஸ்டேஷன் வேகன் என்றாலும் ஒன்றுதான். செடானின் கூரையைப் பின்பக்கம் வரை இழுத்து, டிக்கியையும் உட்காரும் இடத்தையும் ஒரே கூடமாக்கிய வண்டி. இப்போது விற்கும் ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட்டில் பின்சீட்டை மடக்காமலேயே 640 லிட்டர் இடம் உண்டு. ஐரோப்பாவில் பல வருடங்கள் இந்த வகை வண்டியும் டீசல் என்ஜினும் இணைபிரியாமல் இருந்தன. பாரம், நெடுந்தூரம், குடும்பம் என்றால் டீசல் என்பது பேசப்படாத விதி. இப்போது அப்படியில்லை. எஸ்டேட்டுக்குப் பேர்போன வோல்வோ 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு டீசல் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. ஆனாலும் புதிதாக வாங்குவோருக்குச் சில கம்பெனிகளிலும், பழையதாக வாங்குவோருக்கு ஏராளமாகவும் இரண்டு வகையும் கிடைக்கின்றன. அதனால் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

முதலில் ஒரு நோட்டு

"வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இத்தனை ஆயிரத்துக்கு மேல் என்றால் டீசல், கீழே என்றால் பெட்ரோல் என்று ஒரு கணக்கும் சொல்வார்கள். அது பாதிக் கணக்கு. வருடம் 12,000 கிலோமீட்டர் ஓடும் ஒருவர் அதை 120 கிலோமீட்டர் வீதம் நூறு பயணமாக ஓட்டினால், டீசல் அவருக்கு நன்றாகவே பொருந்தும். வருடம் 15,000 ஓடும் இன்னொரு வீட்டில் அது எட்டு எட்டு கிலோமீட்டராக, நாளுக்கு ஐந்து தடவை ஓடுகிறது என்றால், அங்கே டீசல் வம்பு. மீட்டரில் கூட்டுத்தொகை பெரிதாக இருப்பதால் மட்டும் என்ஜினுக்கு ஒன்றும் நடந்துவிடாது. ஒவ்வொரு தடவையும் அது முழுதாகச் சூடாகிறதா, சூடான பிறகு கொஞ்ச நேரமாவது ஓடுகிறதா என்பதுதான் விஷயம்.

ஆகவே இரண்டாவது வண்டி வாங்கும் முன் ஒரு மாதம் நோட்டு போட்டேன். தேதி, எத்தனை கிலோமீட்டர், எடுக்கும்போது என்ஜின் ஆறிக் கிடந்ததா. இவ்வளவுதான். 31 நாளில் 74 பயணம். அதில் 61 பயணம் ஆறு கிலோமீட்டருக்குள் முடிந்திருந்தது. நாங்கள் நிறைய வெளியூர் போகிற குடும்பம் என்று அதுவரை மனதார நம்பிக்கொண்டிருந்தேன். நினைவில் நிற்பதெல்லாம் வெளியூர்ப் பயணம்தான், கடைக்கும் பள்ளிக்கும் போனதை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் என்ஜினில் காற்றும் எரிபொருளும் கலந்து அழுத்தப்படும், ஸ்பார்க் பிளக் பொறி தட்டிப் பற்றவைக்கும். டீசலில் பொறி கிடையாது. வெறும் காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினைந்து பதினாறில் ஒரு பங்காக நசுக்கினால் அது ஐந்நூறு டிகிரிக்கும் மேல் கொதிக்கிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் இந்த முறையில் நன்றாக ஓடும் என்ஜினைக் காட்டியது 1897-இல். அது பயணிகள் காருக்குள் புகுந்து வரிசையாகத் தயாராக இன்னும் நாற்பது வருடம் போனது. மெர்சிடிஸ் பென்ஸின் 260 டி வந்தது 1936-இல்.

இந்த அழுத்தம்தான் டீசலின் சிக்கனத்துக்கு ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் என்ஜினில் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் காற்றின் வழியை மூடித்தான் குறைக்கிறோம். மெதுவாகப் போகும்போதெல்லாம் அது வாயைப் பாதி பொத்திக்கொண்டு மூச்சிழுக்கிறது, அதற்கே கொஞ்சம் சக்தி வீணாகிறது. டீசலுக்கு அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. காற்று தாராளமாக வரும், எரிபொருளின் அளவைக் குறைத்தால் போதும். மூன்றாவது காரணம் என்ஜினிலேயே இல்லை, எண்ணெயில் இருக்கிறது. டீசல் அடர்த்தியானது. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட 10 முதல் 13 சதவீதம் சக்தி அதிகம். லிட்டர் கணக்கில் மைலேஜ் பார்க்கும்போது டீசல் கூடுதலாக மின்னுவதற்கு இதுவும் ஒரு பங்கு.

இதே சிக்கனம்தான் குட்டி ஓட்டத்தில் எதிரியாகிவிடுகிறது. சக்தியை வீணாக்காத என்ஜின் வெப்பத்தையும் வீணாக்குவதில்லை. அதனால் சூடாக நேரமாகும். குளிர்காலத்தில் டீசல் காரில் ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். பல டீசல் கார்களில் இதற்கென்றே மின்சாரத்தில் ஓடும் துணை ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். பள்ளி வந்து சேரும்போதுதான் என் வண்டியின் சூடு காட்டும் முள் நகரவே தொடங்கும். அங்கே அணைத்துவிடுவேன்.

புகைக்கரி வடிகட்டி

என் மஞ்சள் விளக்கு இதற்காகத்தான் எரிந்தது. டிபிஎஃப் என்று மெக்கானிக்குகள் சொல்வது. சைலன்சருக்கு முன்னால் ஒரு தேன்கூடு மாதிரியான பீங்கான் உருளை. ஒன்றுவிட்டு ஒன்றாக அதன் துளைகள் அடைக்கப்பட்டிருக்கும். புகை ஒரு துளையில் நுழைந்து, சுவரைக் கசிந்து, பக்கத்துத் துளை வழியே வெளியேற வேண்டும். கரி சுவரில் தங்கிவிடும். காரில் இதை முதலில் பொருத்தி விற்றது பெஜோ, 2000-இல், 607 மாடலில். இன்று புதிய டீசல் கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது.

தங்கிய கரியை எரிக்க வேண்டுமல்லவா? நெடுஞ்சாலையில் பாரத்தோடு போனால் புகையின் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. அப்படி நடக்காதபோது சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டி தானாகவே ஒரு சுத்திகரிப்பைத் தொடங்கும். வழக்கமான தெளிப்புக்கு அப்புறம் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்து, அதை வெளியேறும் வழியில் எரியவிட்டு, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கும். கால் மணி நேரம் போல ஆகும். டேஷ்போர்டில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ஆனால் கவனித்தால் தெரியும். சிக்னலில் நிற்கும்போது என்ஜின் வழக்கமாக நிமிடத்துக்கு 800 சுற்றில் இருப்பது 1000 சுற்றுக்கு ஏறி நிற்கும். வண்டி நின்றதும் என்ஜினைத் தானே அணைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது. மைலேஜ் எண் திடீரென்று சரியும். வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பி அணைத்தால், உள்ளே ஃபேன் மட்டும் ஓ என்று சுற்றிக்கொண்டிருக்கும், முன்பக்கம் இஸ்திரிப் பெட்டியைத் துணியில் மறந்து வைத்த மாதிரி ஒரு காந்தல் வாடை. எனக்கு அந்த வாடை வாரம் இருமுறை வந்தது. ஏதோ புதிய பெயின்ட் சூடாகிறது என்று என் மனைவியிடம் விளக்கம்கூடச் சொன்னேன்.

நடந்தது என்னவென்றால், வண்டி சுத்தம் செய்யத் தொடங்கும், நான் பாதியில் அணைத்துவிடுவேன். அடுத்த தடவை மறுபடி தொடங்கும், மறுபடி அணைப்பேன். பாதியில் நின்ற ஒவ்வொரு தடவையும் கூடுதலாகத் தெளித்த டீசலில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் போய்ச் சேர்ந்திருக்கிறது. மெக்கானிக் ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது ஆயில். ஆயில் குறைந்தால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தவன் நான். குச்சியை மூக்கருகே கொண்டுவந்து, "மோந்து பாருங்க" என்றார். டீசல் வாடை. நீர்த்துப்போன ஆயில், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையும் பேரிங்குகளையும் தின்றுவிடும்.

அவர் கருவியைப் பொருத்திக் கட்டாயச் சுத்திகரிப்பு செய்து, ஆயில் மாற்றித் தந்தார். அதோடு, வாரம் ஒருமுறை சும்மாவாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள் என்றார். இரண்டு மாதம் செய்தேன். எரிபொருளை மிச்சப்படுத்த வாங்கிய வண்டியை, எரிபொருள் செலவழித்து உடற்பயிற்சிக்குக் கூட்டிப்போகிறோமே என்ற ஞானம் மூன்றாவது மாதம் வந்தது. விற்றுவிட்டேன்.

முறையாக ஓட்டினாலும் இந்த வடிகட்டிக்கு ஆயுள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரி எரியும், சாம்பல் எரியாது. ஆயிலில் சேர்க்கும் ரசாயனங்களிலிருந்து வரும் அந்தச் சாம்பல் வருடக்கணக்கில் சேர்ந்து துளைகளை நிரப்பும். அதனால்தான் டீசலுக்கென்று சாம்பல் குறைவான ஆயில் குறிப்பிட்டிருப்பார்கள். விலை மலிவு என்று வேறு ஆயில் ஊற்றிய வண்டியில் இந்த ஆயுள் சுருங்கிவிடும்.

மற்ற பாகங்களை வேகமாகக் கடந்துவிடலாம். புகையைத் திருப்பி உள்ளே அனுப்பும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்து அடைக்கும், அதுவும் குட்டி ஓட்டத்தில் அதிகம். 2,000 பார் அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் விலை அதிகம், அழுக்கு டீசல் அவற்றுக்கு ஆகாது. புதிய டீசல்களில், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற நச்சு வாயுக்களைக் குறைக்கும் ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலுக்குத் தனித் தொட்டி இருக்கும். அதில் யூரியா 32.5 சதவீதம், மைனஸ் 11 டிகிரியில் உறையும் என்பதால் தொட்டிக்கே ஹீட்டர் உண்டு. அது தீரப்போகிறது என்று வண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு முன்பே கெஞ்சத் தொடங்கும். கேட்காமல் தீரவிட்டு அணைத்தால், அப்புறம் ஸ்டார்ட் ஆகாது.

லிட்டரில் ஒரு கணக்கு

பணத்தில் கணக்குப் போட்டால் விலை மாறும்போதெல்லாம் கணக்கும் மாறும். அதனால் எல்லாவற்றையும் பெட்ரோல் லிட்டரிலேயே போடுவது எனக்குப் பிடிக்கும். எப்படியென்றால், டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கேட்கும் தொகையை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையால் வகுத்துவிடுங்கள். 1,500 லிட்டர் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

நடுத்தர எஸ்டேட் ஒன்று பெட்ரோலில் 100 கிலோமீட்டருக்கு 6.8 லிட்டர், டீசலில் 5.3 லிட்டர் குடிக்கிறது என்று எடுத்துக்கொண்டால் வித்தியாசம் 1.5 லிட்டர். இரண்டும் ஒரே விலை என்றால், கூடுதலாகக் கொடுத்த 1,500 லிட்டரைத் திரும்ப எடுக்க ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். டீசல் 10 சதவீதம் மலிவு என்றால் 74,000-இல் கிடைத்துவிடும். டீசல் 10 சதவீதம் விலை கூடுதல் என்றால்? ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். அந்தச் சின்னப் பத்து சதவீதம் எவ்வளவு தூரம் இழுக்கிறது பாருங்கள். எண்களை உங்கள் வண்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கம்பெனி அச்சடித்த மைலேஜைப் போடாதீர்கள், அதே வண்டி வைத்திருப்பவர் டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்ததைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இதில் இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும். ஒன்று, டீசலுக்கு சர்வீஸில் ஏறும் சில்லறைச் செலவுகள்: எரிபொருள் ஃபில்டர், ஆட்ப்ளூ, தனி ஆயில். இன்னொன்று, விற்கும்போது அந்தக் கூடுதல் தொகையில் ஒரு பகுதி திரும்பி வரும் என்பது. முன்பு நிறையவே வந்தது. இப்போது நகரத்துக்குள் டீசலுக்குக் கெடுபிடி கூடக் கூட, அது எவ்வளவு வரும் என்று நம்பிக் கணக்கில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. நான் பூஜ்யம் என்றே போடுவேன், வந்தால் லாபம்.

பாரம் ஏற்றினால் கதை வேறு

இதுவரை படித்துவிட்டு நான் டீசலுக்குப் பகையாளி என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. எஸ்டேட் வாங்குவதே பாரம் ஏற்றத்தான். ஏற்றிய பிறகு டீசல் காட்டும் குணம் எனக்கு இன்றும் ஏக்கம்தான்.

ஆக்டேவியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1.5 பெட்ரோலும் சரி, 2.0 டீசலும் சரி, 150 குதிரைத்திறன் என்றே எழுதியிருக்கும். ஆனால் டார்க், அதாவது என்ஜின் சுழற்றும் விசை, பெட்ரோலில் 250 நியூட்டன் மீட்டர், ஆட்டோ கியர் டீசலில் 360. குதிரைத்திறன் என்பது கடைசி வேகத்துக்கு, டார்க் என்பது ஏற்றத்தில் தெரிவது. ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், கூரை மேல் ஒரு பெட்டி, முன்னால் மலைப்பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் அதே கியரில், அதே சத்தத்தில், 1,800 சுற்றில் ஏறிக்கொண்டே இருக்கும். சிறிய டர்போ பெட்ரோல் ஏறாமல் நின்றுவிடாது, ஏறும். ஆனால் இரண்டு கியர் குறைத்துக் கத்திக்கொண்டு ஏறும், அந்த நேரத்தில் பெட்ரோலை மடக் மடக்கென்று குடிக்கும். பாரம் கூடும்போது டீசலின் மைலேஜ் கொஞ்சம்தான் இறங்கும், குட்டி டர்போ பெட்ரோலில் சட்டென்று இறங்கும். டெஸ்ட் டிரைவில் இது தெரியாது. அதை நாம் விற்பனையாளரோடு இரண்டு பேராக, காலி டிக்கியோடு, சமதரையில்தானே ஓட்டுகிறோம்.

டிரெய்லரோ கேரவனோ இழுப்பவர்களுக்கு நான் யோசனையே சொல்ல மாட்டேன், டீசல் வாங்குங்கள், அவ்வளவுதான். ஒரு டேங்கில் போகும் தூரமும் கவனிக்கத்தக்கது. மேலே சொன்ன மைலேஜில் 50 லிட்டர் டேங்க் டீசலில் 940 கிலோமீட்டர் போகும், பெட்ரோலில் 735. குழந்தைகள் பின்னால் தூங்கிவிட்ட பிறகு பங்க்கில் நிறுத்தி எழுப்பிவிடாமல் வீடு சேர்வதன் அருமை, குழந்தை வளர்த்தவர்களுக்குப் புரியும்.

டீசல் என்ஜின் கனமும் அதிகம். ஒரே மாடலில் டீசல் வண்டி பெட்ரோலைவிட நூறு கிலோ வரை கூட இருக்கலாம், அதில் பெரும்பகுதி முன்சக்கரத்தின் மேல். வளைவில் திருப்பும்போது பெட்ரோல் வண்டி இலகுவாகத் திரும்புவது தெரியும். சத்தம் பற்றி முன்பு பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இப்போது காலையில் ஸ்டார்ட் செய்யும் முதல் நிமிடம் தவிரப் பெரிய வித்தியாசம் இல்லை.

பெட்ரோலும் தவம் செய்துவிட்டு வரவில்லை

குட்டி ஓட்டம் பெட்ரோலுக்கும் நல்லதில்லை. ஆறிய என்ஜின் எதற்குமே தேய்மானம்தான், பெட்ரோல் சீக்கிரம் சூடாகித் தப்பித்துக்கொள்கிறது, அவ்வளவே. நவீன பெட்ரோல் என்ஜின்கள் பல எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கின்றன. பழைய முறையில் பெட்ரோல் வழியில் இருக்கும் வால்வைக் கழுவிக்கொண்டே போகும். இப்போது கழுவ ஆளில்லை, வால்வின் பின்பக்கம் கரி படிகிறது. லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய சில வண்டிகளில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டி வரும். வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை ஆயிலுக்குள்ளேயே ஓடவிடும் சில என்ஜின்களும் உண்டு. பெல்ட் பிசிறு பிசிறாக உதிர்ந்து ஆயில் வழியை அடைத்த கதைகள் மெக்கானிக்குகளிடம் ஏராளம். பழைய வண்டி வாங்கும்போது 'பெல்ட்டா, செயினா, பெல்ட் என்றால் உலர்ந்ததா, ஆயிலில் நனைவதா' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2018 வாக்கில் இருந்து ஐரோப்பிய பெட்ரோல் கார்களிலும் கரி வடிகட்டி வரத் தொடங்கிவிட்டது. அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெட்ரோல் புகை இயல்பிலேயே சூடு அதிகம், கரியும் குறைவு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் தானாக எரிந்துகொள்ளும்.

புகையும் சட்டமும்

கரியமில வாயுவில் டீசலுக்குத்தான் நல்ல பெயர். அந்தப் பெயர் கொஞ்சம் பெரிதுபடுத்தப்பட்டது என்பது என் எண்ணம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ, டீசல் என்றால் 2.65 கிலோ வரும். மேலே பார்த்த வண்டிகளில் டீசல் 22 சதவீதம் லிட்டரை மிச்சப்படுத்தியது. கரியமில வாயுவில் அது 10 சதவீத மிச்சம்தான், பாதியாகிவிட்டது.

நைட்ரஜன் ஆக்ஸைடுகளில் டீசலின் பெயர் கெட்டது 2015 செப்டம்பரில். சோதனைக் கூடத்தில் மட்டும் ஒழுங்காக நடக்கும்படி ஃபோக்ஸ்வாகன் மென்பொருள் வைத்திருந்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை வெளியே கொண்டுவந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 2012-இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியிருந்தது. இன்றைய டீசல், வடிகட்டியும் ஆட்ப்ளூவும் சேர்ந்து, சாலையிலேயே வைத்துச் சோதிக்கப்படுவதால், அன்றைய டீசலோடு ஒப்பிட முடியாத அளவு சுத்தம். ஆனால் நகரங்கள் ஒருமுறை சந்தேகப்பட்டால் விடுவதில்லை.

பழைய வண்டி தேடுவோர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு 2019-இல் தொடங்கிய கட்டண மண்டலத்தின் விதியைப் பாருங்கள்: ஐரோப்பியப் புகைத் தரத்தில் பெட்ரோல் என்றால் யூரோ 4 போதும், டீசல் என்றால் யூரோ 6 வேண்டும். ஆக 2006 வாக்கில் வந்த பெட்ரோல் கார் காசு கட்டாமல் நுழைந்துவிடும், 2013-இல் வந்த டீசல் பெரும்பாலும் நுழையாது. உங்கள் பக்கத்து நகரத்தில் இன்று அப்படி விதி இல்லாமல் இருக்கலாம். வண்டியை எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இடையில் ஒரு வார்த்தை, என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் பற்றி. நோட்டில் குட்டி ஓட்டமும் நகர ஓட்டமும் நிறைந்திருந்தால் பெட்ரோல் ஹைப்ரிட் எஸ்டேட்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 2019-இல் வந்த டொயோட்டா கொரோலா எஸ்டேட் டீசலே இல்லாமல் வந்தது. அதன் ஹைப்ரிட் வகையில் கிளட்ச், டர்போ, ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் எதுவும் கிடையாது, கெடுவதற்குப் பாகம் குறைவு. ஆனால் இழுவைத் திறன் 750 கிலோதான். பிளக் போட்டுச் சார்ஜ் செய்யும் வகையில் பேட்டரி டிக்கிக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும். ஆக்டேவியாவில் முன்பு வந்த அந்த வகையில் 640 லிட்டர் 490 ஆகிவிட்டது. டிக்கிக்காக எஸ்டேட் வாங்கி, டிக்கியைப் பேட்டரிக்குக் கொடுப்பதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பழைய டீசலைப் பார்க்கப் போகும்போது

"நான் வருவதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று விற்பவரிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஏதோ மறைக்கிறார்கள் என்று உடனே சண்டை போட வேண்டாம், நாளை வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஆறிய என்ஜின், ஸ்டார்ட் செய்ததும் உடனே பிடித்துக்கொள்ள வேண்டும். ஆயில் குச்சியை உருவி, அளவு மேல்கோட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள், மோந்தும் பாருங்கள். சைலன்சர் குழாயின் உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். வடிகட்டி இருக்கும் வண்டியில் விரல் ஏறக்குறைய சுத்தமாக வர வேண்டும். கன்னங்கரேல் என்று வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது உள்ளே இருப்பதை யாரோ பெயர்த்து எடுத்துவிட்டு வெறும் டப்பாவை விட்டிருக்கிறார்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். வண்டியை அணைக்கும்போது வண்டியின் உடம்பு தடதடவென்று குலுங்கினால், என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் கெட்டுப்போகிற நிலையில் இருக்கலாம், அது கியர்பாக்ஸை இறக்கிச் செய்கிற வேலை. கருவி வைத்திருக்கும் மெக்கானிக் கூட வந்தால் வடிகட்டியில் எவ்வளவு கரி, எவ்வளவு சாம்பல், கடைசியாக எப்போது சுத்தமானது என்று எண்ணாகவே பார்த்துச் சொல்வார். விற்பவரிடம் ஒரு கேள்வி போதும். வேலைக்கு எவ்வளவு தூரம் போவீர்கள் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். மூன்று லட்சம் ஓடிய நெடுஞ்சாலை வண்டியை, எண்பதாயிரம் ஓடிய பள்ளிக்கூட வண்டியைவிட நான் நம்புவேன்.

பெட்ரோல் வண்டிக்கு இத்தனை சடங்கு வேண்டியதில்லை. ஆயில் ஒழுங்காக மாற்றிய பதிவு, பெல்ட் அல்லது செயின் விவரம், ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் செயின் கடகடக்கிறதா என்பது. அவ்வளவுதான். வீட்டில் டீசல் ஒன்று பெட்ரோல் ஒன்று என்று இரண்டு வண்டி இருந்தால் மட்டும் பங்க்கில் கவனம். டீசல் குழாயின் மூக்கு தடிமன் என்பதால் பெட்ரோல் வண்டிக்குள் பெரும்பாலும் நுழையாது. பெட்ரோல் மூக்கு டீசல் வண்டிக்குள் சுலபமாக நுழைந்துவிடும், கெடுதலும் அந்தப் பக்கம்தான் அதிகம். தப்பிப் போட்டுவிட்டால் சாவியையே தொடாதீர்கள், தள்ளிக்கொண்டுபோய் டேங்கைக் காலி செய்யுங்கள்.

நாங்கள் இரண்டாவதாக வாங்கியது பெட்ரோல் எஸ்டேட். ஐந்து வருடம் ஆகிறது, ஆயிலும் டயரும் பேட்டரியும் தவிர எதற்கும் செலவு வைக்கவில்லை. மலை ஏறும்போது மட்டும் கத்துகிறது. போன மாதம் மனைவிக்கு வேலை மாற்றல் வந்தது, போக 70 கிலோமீட்டர், வர 70, முழுக்க நெடுஞ்சாலை. பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் அவரே எழுதத் தொடங்கியிருக்கிறார்.